தலைவிதியும் தலைக்கவசமும்

"வருவது தலையெழுத்துப்படி வரும், கவசம் அதைத் தடுக்குமோ?" என்று வினவுவோர் தோட்டப்புறத்திலும் உளர், பட்டணத்திலும் உளர். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் புது மோட்டார் சைக்கிளின் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கத் தவறாத நம்மவருள் சிலர், தலைக்கவசத்தின் வாரைப் பூட்ட மட்டும் மறந்துவிடுகின்றனர். எலுமிச்சம்பழத்திற்கில்லாத சான்று கவசத்திற்கு உண்டு. அதன் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோம்.

'அரேபிய லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935-ஆம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் விரைந்து செல்லுகையில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களுக்காக விலகி வீழ்ந்தார். பாலைவனப் போர்களில் பிழைத்த அவ்வீரர், தலைக்காயத்தால் ஆறாம் நாள் மாண்டார். அவரைக் கவனித்த வைத்தியருள் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். மற்றோர் விதியென்று பெருமூச்செறிந்திருக்கக்கூடிய இடத்தில், அவர் காரணத்தை ஆராயத் தொடங்கினார். யுத்தம் மூண்ட முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்ற 2,279 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர் என்று 1941-ல் அவர் எழுதினார். கவசமணிந்து விபத்துக்குள்ளானோர் எழுவரையே அவரால் காண முடிந்தது, அவ்வெழுவரும் பிழைத்தனர். அவ்வாண்டே செய்தி கொண்டு செல்லும் படைவீரர்களுக்குக் கவசம் கட்டாயமாயிற்று. 1961-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும், 1973-ல் பிரிட்டனும் மலேசியாவும் பொதுமக்களுக்கும் அதை விதித்தன.

"என் தலை, என் இஷ்டம், சர்க்கார் தலையிடுவானேன்?" என்பர் சிலர். தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு இந்நாட்டுச் சட்டமே விலக்களித்துள்ளது. அவர்கள் காட்டுவது வழிவழி வந்த கொள்கை. கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு போலீசாரைக் கண்டதும் தலையில் கவிழ்ப்பவர் காட்டுவது எந்தக் கொள்கை? அவர் அஞ்சுவது அபராதத்திற்கேயன்றி மரணத்திற்கன்று!

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை உண்டு. எனினும் 2016-ல் இந்நாட்டுச் சாலைகளில் மடிந்த 7,152 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. பாதையமைப்பது சர்க்காரின் கடமை. வாரைப் பூட்டுவது நம்முடைய கடமை. பூட்டாத கவசம் மோதுமுன்னரே தெறித்துவிடும். பூட்டிய கவசமோ, தன் உட்புற நுரைப்பொருள் நசுங்குவதால் அடியின் வேகத்தைத் தான் ஏற்கிறது. நல்ல கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு குறைக்குமென்பது ஆராய்ச்சி கண்ட முடிவு. முற்றிலும் காக்குமென்று எவரும் கூறவில்லை. தாயத்தோ எதையும் குறைத்ததாகக் கணக்கில்லை.

மேலும், வீழ்பவன் தனியே வீழ்வதில்லை. அவன் சம்பளத்தை நம்பிய தாயும், மனைவியும், பள்ளி செல்லும் குழந்தைகளும் உடன் வீழ்கின்றனர். அவர்களுடைய இஷ்டத்தைக் கேட்டவர் யார்?

ஆதலின் தோழர்களே, எலுமிச்சம்பழத்தை ரசத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள். கவசத்தைத் தலைக்கு அணிந்து வாரைப் பூட்டுங்கள். பின்னால் அமரும் பிள்ளைக்கும் மறவாது அணிவியுங்கள்.