தலைக்கவசத்தின் கதை



கவசம் என்றதும் நமக்குப் போர்க்களம் நினைவில் எழும். பக்தர்களுக்குக் கந்தசஷ்டி கவசம் நினைவில் வரும். ஊரெல்லாம் ஹெல்மட் என்று சொல்லும் பொருளுக்கும் தமிழில் தலைக்கவசம் என்றே பெயர். அது வீதிக்கு வந்த வரலாற்றின் தொடக்கத்தில் ஓர் எழுத்தாளரின் மரணம் இருக்கிறது.

‘அரேபியாவின் லோரன்ஸ்’ என்று உலகம் அழைத்த ரீ. ஈ. லோரன்ஸ், முதலாம் உலகப் போரில் துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பங்குகொண்டவர். அந்த அனுபவத்தை ‘ஞானத்தின் ஏழு தூண்கள்’ என்ற நூலாக எழுதியவர். பாலைவனத்தில் தப்பிய உயிர் இங்கிலாந்தின் கிராமத்து வீதியொன்றில் போயிற்று. 1935 மே 13ஆம் திகதி, சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்களை விலத்தப் போய், மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி வீசப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவிழந்து கிடந்து மே 19இல் இறந்தார்.

அவருக்குச் சிகிச்சையளித்தவர்களுள் ஒருவர் ஹியூ கெயார்ன்ஸ், அவுஸ்திரேலியாவிற் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதி விபத்துகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் பின்னால் இருந்தவர்களுமாக 2,279 பேர் இறந்ததை 1941இல் அவர் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். கவசத்தோடு விபத்துக்குள்ளான ஏழு பேர் மட்டுமே அவர் கவனத்துக்கு வந்தனர், எழுவரும் பிழைத்திருந்தனர். அதே ஆண்டு நவம்பரில் பிரித்தானிய இராணுவம் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது சட்டமாக 1973 ஆயிற்று. 1976இல் தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எங்கள் கல்முனை, சாய்ந்தமருது வீதிகளில் தொப்பிக்கும் பர்தாவுக்கும் மேலேயே கவசம் ஏறிவிடுகிறது.

உருவத்தைக் கண்டு இகழாதே என்று சொல்ல வந்த வள்ளுவர் தேரின் அச்சாணியை உவமையாக்கினார். ஆசனப்பட்டியும் அப்படியொரு சிறிய பொருள்தான். சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் பொலின் 1959இல் அதன் இன்றைய வடிவை அமைத்தார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வொல்வோ அதைத் திறந்துவிட்டது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970இல் ஆசனப்பட்டி அணிவதைக் கட்டாயமாக்கியது. இலங்கையில் முன் ஆசனத்தில் இருப்போருக்கு அது கட்டாயமானது 2011 ஒக்டோபர் முதலாம் திகதி. அறிவு பிறந்து சட்டம் பிறக்க, இடையில் 52 ஆண்டுகள்.

ஆனால் தலைக்கவசத்தின் கதை நம் நாட்டில் அத்தனை நேரானதல்ல. யுத்த காலத்துக் கிழக்கில் சோதனைச்சாவடியைக் கண்டதும் கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. தலையைக் காக்கும் பொருளே முகத்தை மறைக்கும் பொருளாகச் சந்தேகிக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. கொள்ளையர்கள் அணிகிறார்கள் என்று கூறி, முகத்தை முழுதாக மூடும் கவசங்களைத் தடைசெய்யப் பொலிஸார் 2015இல் முற்பட்டனர். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் எதிர்த்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தாடையையும் சேர்த்துக் காப்பது அந்த முழுக்கவசம்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

அணி என்று ஒரு நாளும் கழற்று என்று இன்னொரு நாளும் கேட்டுப் பழகிய மக்கள், கவசத்தைப் பொலிஸாருக்கும் தமக்கும் இடையிலான விவகாரமாகவே எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பிரதான வீதியில் நான் தினமும் காண்பது இதைத்தான். முழங்கையில் தொங்கும் கவசம், சந்தியில் சீருடையைக் கண்டதும் தலைக்கு ஏறும். சந்தி கடந்ததும் மீண்டும் கைக்கு இறங்கும். தகப்பன் கவசம் அணிந்திருப்பார். முன்னால் எண்ணெய்த் தாங்கியின் மேல் இருக்கும் பிள்ளையின் தலையில் ஒன்றுமிராது.

கெயார்ன்ஸ் எண்ணியது தண்டப்பணத்தை அல்ல, மண்டையோட்டை. நாமும் அந்த இடத்திலிருந்து தொடங்கினால், முதற் கவசம் முன்னால் இருக்கும் பிள்ளைக்கே வாங்கப்படும்.