நுணுக்குக்காட்டி காணாத எச்சம்

குருக்கள்மடம் துறையடியில், அம்பிளாந்துறைக்குப் போகும் பாதைக்காகக் காத்திருந்த ஒரு மாலையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய இளைய சகோதரரைக் குருதிப்புற்று கொண்டுபோய் ஓராண்டு ஆகியிருந்தது. "தம்பி, நீங்கள் பத்திரிகைக்காரர். மச்சையைச் சோதித்து நோய் இல்லை என்றார்கள். எட்டு மாதத்தில் திரும்பி வந்தது. பொய்யா சொன்னார்கள்?"

பொய்யில்லை. நோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி புற்றுக் கலங்கள் இருக்கும் (தமிழக வாசகர்கள் 'செல்' என்று கொள்க). என்பு மச்சையில் இளங்கலங்கள் 5 வீதத்துக்குக் குறைந்தால் நோய் தணிந்தது என்பது பழைய வரைவிலக்கணம். அப்போதும் ஆயிரம் கோடி வரை எஞ்சியிருக்கலாம். நல்ல இளங்கலமும் கெட்ட இளங்கலமும் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே தெரியும்.

இந்தத் தணிவுக்கே சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழுடன் வெளியேறியவர். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு ஆக்கிய அமினோப்டெரினை, பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேர் தேறினர். 1948 ஜூனில் கட்டுரை வெளிவந்தது. ஓகஸ்டில் சுப்பாராவ் காலமானார். தேறிய பிள்ளைகளுக்கும் சில மாதங்களில் நோய் திரும்பியது. எங்கே ஒளிந்திருந்தது என்று பார்க்கும் கருவி அன்று எவரிடமும் இல்லை.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளை ஆக்கக் கற்றனர். கலங்களின் மேற்பரப்புப் புரதங்களை இனங்காண வழி பிறந்தது. 1982இல் பாரிஸ் மாநாடு அவற்றுக்கு சிடி இலக்கங்கள் இட்டது.

அதற்கு முந்திய ஆண்டே லண்டனில் பிராட்ஸ்டொக், ஜனோசி முதலியோர் ஒரு துப்பறிவாளரின் வேலையைச் செய்திருந்தனர். மேற்பரப்பில் ரி கல அடையாளமும் உள்ளே ரிடிரி என்ற நொதியும் சேர்ந்த கலம், இயல்பாகத் தைமஸ் சுரப்பிக்குள் மட்டுமே வாழும். அது மச்சையில் அகப்பட்டால் அங்கே அதற்கு என்ன வேலை? ஒன்றிரண்டு தென்பட்டாலும் அது புற்றின் எச்சமே. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

பி கலப் புற்றில் இவ்வளவு இலகுவல்ல. சிகிச்சைக்குப் பின் முளைத்துவரும் நல்ல இளங்கலங்களும் சிடி19, சிடி10 இரண்டையும் தாங்கியே வரும். ஆகவே சிடி45, சிடி38 போன்றவை எவ்வளவு கூடின, குறைந்தன என்று சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒளிரும் சாயம் கட்டிய பிறபொருளெதிரிகளைக் கலந்து, கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியூடே ஓடவிடும் கருவி, பத்தாயிரத்தில் ஒன்றைப் பிடிக்கும்.

வளர்ந்தோரில் இதன் பெறுமதியை 2003இல் ஸ்பெயினின் சலமங்கா குழு எடுத்துக்காட்டியது. 14 வயதுக்கு மேற்பட்ட 102 நோயாளரில், 35ஆம் நாள் மச்சையில் எச்சம் மிகக் குறைந்தவர்களுக்கு நோய் திரும்பாத காலம் நீண்டது. 2018இல், எச்சம் மட்டும் தென்படும் பி கலப் புற்றுக்கே பிளினாடுமொமாப் என்ற மருந்தை அமெரிக்கா அனுமதித்தது.

பாதை கரை தட்டியது. "அப்படியென்றால், 'இல்லை' என்று சொன்னால் என்ன கேட்கவேண்டும்?" என்றார் ஆசிரியர். எத்தனை கலங்களை எண்ணினீர்கள், ஊசியில் முதலில் இழுத்த மச்சையா என்று கேளுங்கள் என்றேன். அடுத்தடுத்து இழுத்தால் குருதி கலந்து எச்சம் மறைந்துவிடும். சட்டைப்பையிலிருந்த பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டு அவர் ஏறினார்.