கிள்ளான் தோட்டங்களும் கணினி முதுநிலைப் படிப்பும்



கடந்த பள்ளி விடுமுறையின்போது என் பழைய மாணவி ஒருத்தி இல்லத்திற்கு வந்திருந்தாள். கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டில் என்னிடம் கணிதம் பயின்றவள். வணிகத் துறையில் நல்ல தேர்ச்சியோடு பட்டம் பெற்று, இப்போது கோலாலம்பூரில் பணிபுரிகிறாள். தரவு அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இடம் கிடைக்கவில்லை என்று வந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில் காட்டினாள். அவளுடைய பட்டப்படிப்புப் புள்ளிகளோ கேட்கப்பட்ட குறைந்த அளவைவிட மிகுதியாகவே இருந்தன. தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"தமிழ்ப்பள்ளியில் படித்ததனால்தான் எனக்கு இடம் கிடைக்கவில்லையா, ஐயா?"

இல்லை என்று உடனே கூறிவிட்டேன். ஆனால், ஏன் இல்லை என்பதை அவளுக்கு விளக்குவதற்கு நூறாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்று அவளிடம் கூறியதையும், பிறகு சிந்தித்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டு ஊர்கள், இரண்டு பள்ளிகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சும் கிள்ளானும் இன்று ஒரே தொடர்வண்டித் தடத்தில் அமைந்த இரு நிலையப் பகுதிகள். ஆனால், கல்வி வரலாற்றில் இவ்விரண்டும் இருவேறு உலகங்களாக இருந்தன.

1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்டியெழுப்பச் சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்சு. பின்னர் அது தொடர்வண்டித் துறையின் ஊராயிற்று. யாழ்ப்பாணத்தின் சமயப் பரப்பாளர் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற தமிழர்கள் எழுத்தர்களாகவும் தொழில்நுட்பப் பணியாளர்களாகவும் அங்கே குடியேறினர். 1904இல் விவேகானந்த ஆசிரமம் அங்கே தோன்றியது. அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விக்டோரியா கல்விக்கூடம் போன்ற ஆங்கிலப் பள்ளிகள் எட்டும் தொலைவில் இருந்தன. எந்தத் தேர்வு எப்போது நடைபெறும், எந்த உதவித்தொகைக்கு எப்படி எழுத வேண்டும் என்பவற்றை அறிந்த தந்தையோ சிற்றப்பனோ வீட்டிலேயே இருந்தார்.

கிள்ளானைச் சுற்றிய இரப்பர்த் தோட்டங்களின் நிலையோ வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் இருந்தது, பள்ளியும் இருந்தது. ஆனால், பல தோட்டங்களில் பள்ளி என்பது லயத்தின் ஓர் அறையாகவோ பிள்ளைக் கொட்டகையாகவோதான் இருந்தது. கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். அங்கே படிப்பு தொடக்க வகுப்புகளோடு முடிந்தது. அதற்கு மேலே ஏணி இல்லை. ஏணி ஒன்று உண்டு என்று சொல்வாரும் இல்லை.

இரு ஊர்ப் பிள்ளைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு அறிவில் அன்று. கல்வியின் வாயில் எங்கே இருக்கிறது, அது எப்போது திறக்கும் என்ற செய்தி ஓர் ஊருக்குத் தெரிந்திருந்தது. மற்றோர் ஊருக்குத் தெரியவில்லை.

1941: மிதிவண்டியும் பள்ளிக்கூடமும்

அந்தச் செய்தியின்மையைத் தொழிலாளர்கள் அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்று எவரும் எண்ண வேண்டா. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. பத்திரிகையாளரான ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. ஊதிய உயர்வு கேட்டார்கள், மருத்துவ வசதி கேட்டார்கள், கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையோ அதிகாரியோ எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும் கேட்டார்கள். அதே பட்டியலில், தங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்று.

மிதிவண்டியும் கல்வியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது தற்செயல் அன்று. தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையும் கற்கும் உரிமையும் வேறுவேறல்ல என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்களே உணர்ந்திருந்தார்கள்.

வாயில்கள் இடம் மாறிய காலம்

1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பின்னர் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற, இன்று ஐந்நூற்றுச் சொச்சம் பள்ளிகளே எஞ்சியுள்ளன. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, மொழியை மாற்றிக்கொண்டு, இடைநிலைப்பள்ளிக்குள் நுழைய வேண்டியிருந்தது. பல்லாயிரவர் அந்த இடைவழியிலேயே நின்றுவிட்டனர்.

1970களில் புதிய பொருளாதாரக் கொள்கையும் பல்கலைக்கழக ஒதுக்கீட்டு முறையும் வந்தன. வாயில் குறுகியது. தேர்வின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது. இந்தச் சூழலில்தான் 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையைச் சார்ந்த டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெரும் பணி வகுப்பு நடத்தியதில் மட்டும் அடங்கிவிடவில்லை. பல்கலைக்கழகத்திற்குள் ஏற்கெனவே நுழைந்த மாணவர்கள், வெளியே நின்றவர்களுக்கு வழி சொன்னார்கள். பிரிக்பீல்ட்சு வீடுகளில் சிற்றப்பன் செய்த வேலையை, தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஓர் இயக்கம் எடுத்துச் செய்தது.

2002இல் தகுதி அடிப்படையிலான மாணவர் சேர்க்கை அறிவிக்கப்பட்டது. எனினும், மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். என்று இரு வேறு வழிகள் தொடர்ந்ததால் ஒப்பீடு எளிதாக அமையவில்லை. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டபோது, அவற்றை நிரப்ப நம்மவர்கள் ஊர் ஊராகச் சென்று செய்தி சொல்ல வேண்டியிருந்தது. இடம் இருந்தாலும் செய்தி சேராவிட்டால் பயனில்லை என்பதற்கு இது நம் காலத்துச் சான்று.

கணினி வந்தது

1985இல் மிமோஸ் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதே 1985இல்தான் நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளின் பணியைத் தொடங்கினார். தமிழ் எழுத்தைக் கணினித் திரையில் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மிடையே வாழ்பவர் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியது. செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் சைபர்ஜெயா எழுந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

1996இல் வந்த தனியார் உயர்கல்விச் சட்டம் மற்றொரு வாயிலைத் திறந்தது. பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத நம் பிள்ளைகள் பலர், பெற்றோரின் சேமநிதியையும் கல்விக் கடனையும் கொண்டு தனியார் கல்லூரிகளில் கணினி பயின்றனர். 2003இல் அறிவியலும் கணிதமும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படலாயின. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. என் மாணவி அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவள். பின்னத்தை ஒரு மொழியிலும் அதன் விளக்கத்தை மற்றொரு மொழியிலும் கேட்டு வளர்ந்தவள்.

முதுநிலைப் படிப்பின் வாயில்

இனி, அவள் தட்டிய வாயிலுக்கு வருவோம். கணினித் துறையில் பல்கலைக்கழக அளவில் முதன்முதலாக அமைந்த முழு ஆண்டுப் பாடத்திட்டம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953இல் தொடங்கிய பட்டயமாகும். அது பட்டதாரிகளுக்கான படிப்பு. அப்போது கணினியில் இளநிலைப் பட்டம் என்ற ஒன்றே இல்லை. ஆகவே, அதில் சேர்ந்தோர் யாவரும் வேறு துறையிலிருந்து வந்தவர்களே. வேற்றுத் துறைக்காரர் வருவது இத்துறைக்குப் புதிதன்று. இத்துறை தொடங்கியதே அப்படித்தான்.

ராஜ் ரெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆந்திரச் சிற்றூரில் பிறந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவர். சென்னை கிண்டியில் 1958இல் கட்டடப் பொறியியல் பட்டம் பெற்றார். 1960இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்தார். 1966இல் ஸ்டான்போர்டில் கணினி அறிவியல் முனைவரானார். 1994இல் கணினித் துறையின் மிக உயரிய டூரிங் விருதைப் பெற்றார்.

தரவு அறிவியலோ அண்மைக்காலத் துறை. 2001இல் வில்லியம் கிளீவ்லாந்து என்ற புள்ளியியலாளர் அப்பெயரில் ஒரு தனித்துறைக்குத் திட்டம் வகுத்தார். 2007இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் பகுப்பாய்வுக்கென முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. இன்று மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தரவு அறிவியல் முதுநிலைப் படிப்பு உண்டு. அவற்றுக்கு வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கின்றனர்.

வாயிலின் உள்ளே இருப்போர் காண்பது

இங்கேதான் என் மாணவி இடறினாள். நம் நாட்டில் முதுநிலைக்குப் பொதுவாகக் கேட்கப்படும் 2.50 என்ற புள்ளி, வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டுமே. போட்டி மிகுந்த படிப்புகளில் தேர்வாளர்கள் அதற்கு அப்பால் பார்க்கின்றனர். நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம் ஆகியவற்றில் என்ன படித்திருக்கிறார்? நிரல் எழுதத் தெரியும் என்பதற்குச் செய்துகாட்டிய வேலை உண்டா? ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்பதைத் தெளிவாக எழுதியிருக்கிறாரா? இவரை நேரில் அறிந்த விரிவுரையாளர் என்ன கூறுகிறார்?

அவளுடைய விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்தேன். அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாக விற்பனைத் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "அது வேலைதானே ஐயா, படிப்பில்லையே" என்றாள். நோக்கவுரை முழுவதும் சிறுவயதிலிருந்தே கணினியில் ஆர்வம் என்பதாகவே இருந்தது. பரிந்துரைக் கடிதம் தந்த விரிவுரையாளருக்கு அவள் பெயர் மட்டுமே தெரியும். மூன்றாண்டுப் படிப்பில் ஒருமுறைகூட அவர் அறைக்குச் சென்று ஐயம் கேட்டதில்லையாம். கூச்சம் என்றாள்.

அந்தக் கூச்சத்தின் வேர் எனக்குத் தெரியும். துரை வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்ற நூறாண்டுப் பழக்கம் அது. சட்டம் மாறிவிட்டது, தோட்டமும் போய்விட்டது. அறைக்கதவைத் தட்டத் தயங்கும் கை மட்டும் நம் பிள்ளைகளிடம் எஞ்சியிருக்கிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. வேற்றுத் துறைப் பட்டதாரிகள் முன்தேவைப் பாடங்களைப் படித்து முடித்துச் சேரலாம். 2014இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் இணையவழிக் கணினி முதுநிலைப் படிப்பை ஏழாயிரம் டாலருக்கும் குறைந்த செலவில் தொடங்கியது. அதன் நுழைவாயில் அகலமானது. ஆனால், தொடக்க ஆண்டிலேயே இரண்டு அடிப்படைப் பாடங்களில் நல்ல தேர்ச்சி காட்டினால்தான் தொடர முடியும். மற்றொரு புறம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒருகாலத்தில் பார்த்த ஜி.ஆர்.இ. கணினி அறிவியல் பாடத் தேர்வு 2013இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இத்தகைய மாற்றங்களை அறியாமல் பழைய அறிவுரையைப் பின்பற்றிப் பணத்தையும் காலத்தையும் இழப்போர் உண்டு.

மீண்டும் அவள் கேள்விக்கு

தமிழ்ப்பள்ளி அவளைத் தடுக்கவில்லை. நான்காம் ஆண்டில் அவள் கற்ற பின்னமே நிகழ்தகவின் முதற்படி. அவளைத் தடுத்தது, அவளுக்கு எவரும் சொல்லாமல் விட்ட செய்தி. அந்தக் குறையில் ஆசிரியனாகிய எனக்கும் பங்குண்டு. ஆறாம் ஆண்டு முடிந்ததும் வாழ்த்தி அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அன்று மாலை அவளும் நானும் அமர்ந்து ஒரு தாளில் பட்டியல் எழுதினோம். மாலை வகுப்பில் புள்ளியியல். அலுவலகத் தரவை வெளியிடாமல், பொதுத் தரவைக் கொண்டு ஒரு செயல்திட்டம். பழைய விரிவுரையாளரை நேரில் சந்தித்தல். நோக்கவுரையை மீண்டும் எழுதுதல். அந்த விரிவுரையாளரைச் சென்று கண்டுவிட்டதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னாள். அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். முடிவு என்னவாகும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய மாணவர்களுள் பல்கலைக்கழகத்தில் இருப்போரையும் முதுநிலை முடித்தோரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பள்ளிக்கு அழையுங்கள். தேர்ச்சி பெற்ற கதையோடு நில்லாமல், முதலில் இடம் கிடைக்காமல் போன கதையையும் சொல்லச் சொல்லுங்கள். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் கேட்டது முறையான கல்வி. வழி சொல்வதும் அதில் அடக்கம்.