பிள்ளை பகா எண்கள்



நம் தமிழ்ப்பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் பகா எண்களைக் கற்பிக்கிறோம். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள் அவை. 100 வரையிலான கட்டங்களில் அவற்றை வட்டமிடுவதோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இராமானுசனை அறிந்த நம் மாணவர்கள், பகா எண் வகையொன்றுக்கே தம் பெயரைத் தந்த மற்றொரு தமிழரை அறிவதில்லை. அவர்தாம் எஸ்.எஸ். பிள்ளை என்னும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

1901-இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். ஓராண்டில் தாயையும், பள்ளியிறுதி ஆண்டில் தந்தையையும் இழந்தார். கல்வி நின்றுபோகும் நிலையில், சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி செய்து படிக்க வைத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பை முடித்துச் சென்னையில் ஆய்வு மேற்கொண்ட பிள்ளை, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார்.

1930-இல் அவர் எழுப்பிய வினாவை நம் மாணவர்களும் புரிந்துகொள்ளலாம். 7 என்னும் பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 6 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 720. ஒன்றைக் கூட்டினால் 721. இது 7-ஆல் மீதியின்றி வகுபடும். எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதற்கு முந்தைய எண் வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இவ்வாறே நிகழும். இதுவே வில்சன் தேற்றம்.

சில வேளைகளில் முன்னதாகவே நிறுத்தினாலும் வகுபடும். 3 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 7 கிடைக்கிறது. நிறுத்திய எண்ணாகிய 3-ஆல் 7-ஐ வகுத்தால் மீதி 1. 6-ஆல் வகுத்தாலும் மீதி 1. இம்மீதி எப்போதும் 1-ஆகத்தான் இருக்குமா என்பதே பிள்ளையின் வினா.

இல்லை என்பதை 23 காட்டுகிறது. 14 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 87,178,291,201 வரும். அது 23-ஆல் மீதியின்றி வகுபடும். ஆயினும் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. இத்தகைய பகா எண்களே இன்று 'பிள்ளை பகா எண்கள்' எனப்படுகின்றன. அவை முடிவின்றித் தொடர்வதும் நிறுவப்பட்டுள்ளது.

2024-இல் கண்டறியப்பட்ட மாபெரும் பகா எண் 41 மில்லியனுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. அதைக் கண்டறியக் கணினிகள் தேவைப்பட்டன. பிள்ளையின் வினாவுக்கோ தாளும் எழுதுகோலும் போதுமாயிருந்தன.

1950 ஆகஸ்டு 31 அன்று, கணித மாநாட்டிற்காக அமெரிக்கா செல்லும் வழியில், எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை காலமானார். அப்போது அவருக்கு வயது 49.

பிள்ளையைப் பற்றி வகுப்பில் கூறும்போது சாஸ்திரியாரையும் கூறுங்கள் என்பது என் வேண்டுகோள். குடும்பச் சூழலால் படிப்பு தடைப்படும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களை முதலில் கண்டுகொள்ளக்கூடியவர்கள் நாம்தாம். பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையோடு அமர்ந்து, 4 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டி, அது எந்தப் பகா எண்ணால் வகுபடுகிறது என்று பாருங்கள். பிறகு பிள்ளையின் வினாவை உங்கள் பிள்ளையே கேட்கட்டும்.