டைனமோவின் ஞாபகம்

மோட்டார் காரின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி எழுதுவார்கள். பந்தயத்தில் ஓட்டியவர்களைப் பற்றி எழுதுவார்கள். டைனமோவை யாரும் சீந்துவதில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு பெல்ட்டின் தயவில் சுழன்று, பாட்டரிக்குப் பசியாற்றிய சாதனம் அது. எனக்கென்னவோ காரிலேயே கதையுள்ள பாகம் அதுதான் என்று தோன்றும்.

ஆரம்ப காலத்துக் கார்களில் அது கிடையாது. விளக்கு அசிட்டிலின் வாயுவில் எரிந்தது. எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினார்கள். கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் வருஷத்துக் காடிலாக் காரில் வந்தது. பொத்தானை அமுக்கினால் போதும், சரி. ஆனால் பாட்டரியிலிருந்து வாங்கிய கடனை யார் திருப்பிக் கொடுப்பது? அதற்காகத்தான் டைனமோ காருக்குள் குடியேறியது.

வயதில் அது காருக்கு மூத்தது. பென்ஸின் கார் 1886-ல் பிறந்தது. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1866-67-ல், ஜெர்மனியில் ஸீமன்ஸும் இங்கிலாந்தில் வீட்ஸ்டன், வார்லி ஆகியோரும் தனித்தனியே ஒரே உண்மைக்கு வந்து சேர்ந்தார்கள். மின்சாரம் உண்டாக்கக் காந்தம் வேண்டும். பலமான காந்தத்துக்கு மின்சாரம் வேண்டும். கோழி முந்தியா, முட்டை முந்தியா? விடை இரும்பில் இருந்தது. ஒரு முறை காந்தமேறிய இரும்பு அதை அடியோடு விட்டுவிடுவதில்லை. அந்த மிச்சத்தில் துளி மின்சாரம் பிறக்கிறது. அது காந்தத்தை வளர்க்கிறது. வளர்ந்த காந்தம் மேலும் மின்சாரம் தருகிறது.

பெர்லின் பண்டிதர்கள் கேட்டு வியந்த இந்தச் சங்கதியைப் பூதப்பாண்டியில் ஒரு வீட்டு முற்றத்தில் நான் கண்ணால் பார்த்தேன். அத்தானுடைய பழைய அம்பாஸிடர் மாதக்கணக்கில் நின்றுவிட்டு, பிறகு கிளம்பியது. சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்த வயதான எலெக்ட்ரீஷியன் முதலில் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார். டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு வோல்ட் மீட்டரை வைத்தார். முள் அசையவே இல்லை என்றால் கார்பனைப் பார்க்க வேண்டும். பாதி வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் போய்விட்டது. ஒன்றுக்குக் கீழே தவித்தால் ஃபீல்ட் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். முள் தவித்தது. காயிலைச் சோதித்தார், நன்றாகவே இருந்தது.

"இதுக்கு சீக்கு ஒண்ணும் இல்லே, அண்ணாச்சி. நின்னு நின்னு மறந்து போச்சு. ஒருக்கா நினைப்பூட்டினாப் போதும்" என்றார்.

எஞ்சினை நிறுத்தி, பாட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து ஃபீல்ட் முனையில் ஒரு கணம் தொட்டார். சிறு பொறி. மறுபடி ஓடவிட்டதும் முள் விறுவிறுவென்று ஏறியது.

டைனமோவுக்கு ஒரு குறை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது அநேகமாக ஒன்றும் தராது. இரவில் சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்தால் பாட்டரி வடியும். ஸிலிக்கன் டயோடு மலிந்ததும் ஆல்டர்னேட்டர் வந்தது. 1960-ல் கிரைஸ்லரின் வேலியண்ட் கார் அதோடு வெளிவந்தது. நம் ஊரில் அது மெல்லத்தான் பரவியது. மந்த ஓட்டத்திலும் சார்ஜ் ஆகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டைனமோ காலத்தில், ஓடும் எஞ்சினில் பாட்டரி வயரைக் கழற்றி, 'சார்ஜ் வருகிறதா' என்று பார்க்கும் ஒரு பழக்கம் பலரிடம் இருந்தது. கைப்பழக்கம் லேசில் போவதில்லை. ஆல்டர்னேட்டர் வண்டியிலும் அதையே செய்தார்கள். துள்ளிய வோல்ட்டில் டயோடுகள் கருகின. வண்டி பட்டறைக்குப் போயிற்று.