டயர் பள்ளம்: 1.6 மில்லிமீட்டர் வரை காத்திருக்கலாமா?

சிங்கப்பூரில் கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கவேண்டும் என்பது சட்டம். பள்ளங்களின் அடியிலுள்ள சிறு ரப்பர் மேடுகள் அந்த அளவைக் காட்டும்.

ஆனால், வடகிழக்குப் பருவமழையில் விரைவுச்சாலைகளில் செல்வோர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் நீர் வெளியேறும். இல்லையேல் டயர் நீரின்மேல் மிதந்து வழுக்கும். கணக்கு எளிது. 8 மில்லிமீட்டரில் தொடங்கிய டயர் 20,000 கிலோமீட்டரில் 4.8 ஆகத் தேய்ந்திருந்தால், 3ஐ எட்ட ஏறக்குறைய 11,000 கிலோமீட்டரே மிச்சம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் அதிகம்.

தேக்கா சந்தைக்குப் போய்வர மட்டும் எடுக்கும் காரின் டயர் தேயாமலே முதுமையடையும். பக்கச்சுவரில் ‘2318’ என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது.

புதிய கார்களுக்கு முதல் 3 ஆண்டுகள் கட்டாயப் பரிசோதனை இல்லை. அதுவரை உரிமையாளர்தான் குனிந்து பார்க்கவேண்டும்.