தக்குவாபாவில் ஒரு குளம்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் பாலோ. இரயில் பாதையை ஒட்டி அமைந்த ஊர். சுற்றிலும் முன்னாளில் பால்மரக்காடு, இந்நாளில் பெரும்பாலும் செம்பனை. 2014 முதல் வெள்ளியும் சனியுமாக இருந்த ஜொகூரின் வார விடுமுறை, 2025 சனவரி முதல் நாள்தொட்டு மீண்டும் சனியும் ஞாயிறுமாக மாறிற்று. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் உள்ள உறவினரோடு சேர்ந்து வெளியூர் செல்ல வாய்ப்புக் கிட்டிவிட்டது என்று மகிழ்ந்த இளைய ஆசிரியர் சிலர், தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள காவோ லாக் கடற்கரைக்கு இரண்டு சீருந்துகளில் சென்று வருவதென்று முடிவு செய்தனர். வழி கேட்டு நிலப்படத்தோடு என்னிடம் வந்தபோது, அக்கடற்கரைக்குச் சற்று வடக்கே இருந்த ஓர் ஊர்ப்பெயரின்மேல் என் விரல் நின்றது. தக்குவாபா என்பது அப்பெயர்.

தக்குவாபாவுக்கு எதற்காகப் போகவேண்டும் என்று அவர்கள் வினவியது இயல்பே. வெள்ளீயச் சுரங்கத்தால் வாழ்ந்த பழைய நகர் அது. ஆயின் தமிழாசிரியர் ஒருவர் அவ்வழியே சென்றும் அவ்வூரை அறியாது திரும்புவாராயின், அதை எண்ணி வருந்தாமல் இருக்க இயலாது. அவ்வூர் ஆற்றின் மேற்பகுதியில், நாராயணன் குன்று என மக்கள் வழங்கும் சிறு குன்றின் அருகே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. அதில் பொறிக்கப்பட்டிருந்தவை தமிழ் எழுத்துகள், மொழியும் தமிழே. செருமானிய அறிஞர் ஊல்ச் 1913இல் அதனைப் படித்து வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாத்திரியார் 1932இல் விரிவாக ஆராய்ந்தார். எழுத்தமைதி கொண்டு அது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டினது எனத் துணிந்தனர்.

கல் சிதைந்தது, வரிகளும் சிலவே. எஞ்சியவற்றால் அறியப்படுவது இது: நாங்கூரை உடையான் ஒருவன் அங்கே ஒரு குளம் தோண்டினான். அக்குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயரிட்டான். அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும், பெயர் சிதைந்து அறிஞரால் பலவாறு படிக்கப்படும் மற்றொரு குழுவினர்க்கும் அடைக்கலமாக விடப்பட்டது.

அவனிநாரணன் என்பது தெள்ளாறெறிந்த நந்திவர்மனின் சிறப்புப் பெயர். நந்திக்கலம்பகம் பயின்ற மாணவர்க்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன் ஒருவனின் பெயர் கடலுக்கு அப்பால் ஒரு நீர்நிலைக்குச் சூட்டப்பட்டது! எனினும் இதைக் கொண்டு பல்லவப் பேரரசு சயாம் வரை பரவியது என்று மேடைதோறும் முழங்குவோர் சிலர் உளர். அம்முழக்கத்துக்குக் கல்லில் இடமில்லை. கல் பேசுவது படையெடுப்பைப் பற்றியன்று, குடிநீரைப் பற்றி. மணிக்கிராமம் வணிகர் குழு. கி.பி. 849இல் எழுந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அப்பெயர் காணப்படுகிறது. ஏறத்தாழ ஒரே காலத்தில் மலையாளக் கரையிலும் சயாம் கரையிலும் ஒரே குழுப்பெயர் வழங்கியிருக்கிறது. சேனாமுகத்தார் அவ்வணிகரோடு சென்ற காவற்படையினர் ஆகலாம்.

கப்பலில் வந்தோர் ஏன் குளம் தோண்ட வேண்டும்? வங்கக் கடலைக் கடக்க ஒரு பருவக்காற்று. திரும்பிச் செல்ல மற்றொரு காற்று. இடைப்பட்ட திங்கள்களில் அவர்கள் கரையில் தங்கினர். சிலர் மலைகளைக் கடந்து கிழக்கே சயா, பண்டோன் விரிகுடாப் பக்கம் சென்றிருக்கவும் கூடும். அவ்வழியை 1934இல் குவாரிச் வேல்சு என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் தாமே கடந்து பார்த்தார். ஆற்று முகத்தில் உள்ள கோ கோ காவோ தீவில் சீனப் பீங்கான் துண்டுகளும் மேற்காசியக் கண்ணாடிப் பொருள்களும் மணிகளும் கிடைத்துள்ளன. தக்கோலம் எனக் கிரேக்கரும் பாலி நூலாரும் குறித்த துறைமுகம் இதுவே எனவும், முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறும் தலைத்தக்கோலம் இதுவே எனவும் கருதுவோர் உண்டு. திராங் பகுதியைச் சுட்டுவோரும் உண்டு. அவ்வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

இவ்வளவும் கேட்ட இளைஞர்கள் ஆர்வம் கொண்டனர். அப்பொழுதுதான் இரண்டு இடர்ப்பாடுகள் தோன்றின.

முதலாவது தொலைவு. யோங் பெங்கில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். அதன்பின் ஹட்யாய், அங்கிருந்து தக்குவாபா மேலும் 300 கிலோமீட்டருக்கு மேல். தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதால் போகும்போது ஒரு மணி நேரம் மிச்சமாகும். திரும்பும்போது அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். இரண்டே நாளில் சென்று திரும்பினால் சாலையை மட்டுமே காணலாம். ஆகவே தொடர்விடுமுறை ஒன்றைத் தேர்ந்து நான்கு நாளாக்கினோம்.

இரண்டாவது இடர்ப்பாடு இதனினும் பெரிது. கல் தக்குவாபாவில் இல்லை. அது நக்கோன் சி தம்மராட் நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. குன்றருகே மரத்தின் வேர்களுக்கிடையே அகப்பட்டிருந்த கற்சிலைகள் புக்கெட் தீவின் தலாங் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டன. கடற்கரையை மட்டும் குறித்துச் செல்பவர் கல்லைக் காணார். எனவே வழியை மாற்றினோம். ஹட்யாயிலிருந்து நேரே மேற்குக் கரைக்குத் திரும்பாமல், கிழக்குப் பக்கமாகப் பத்தலுங் வழியே நக்கோன் செல்வது. அந்நகர்தான் மெய்க்கீர்த்தியின் மாதமாலிங்கம் எனப் பலரும் கொள்வர். அங்குக் கல்லைக் கண்டபின், 401ஆம் எண் சாலையில் சூராட் தானி வழியாக மலை கடந்து தக்குவாபாவை அடைவது. பழைய வணிகர் கிழக்கு நோக்கி நடந்த நிலத்தை நாம் மேற்கு நோக்கி, குளிரூட்டிய வண்டியில் கடப்போம். சுற்றுதான், ஆயினும் நல்ல சுற்று.

திட்டம் இவ்வாறு முடிந்த மாலையில், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர், "சயாமுக்கா போறீங்க, வாத்தியாரே? எங்கப்பாரு போன ஊராச்சே அது" என்றார். உடனே அனைவரும் வாய் அடைத்திருந்தோம்.

சயாம் என்னும் சொல் தோட்டத்து முதியோர்க்குக் கடற்கரையை நினைவூட்டுவதன்று. சப்பானியர் 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். நல்ல கூலி, சில திங்களில் திரும்பலாம் என்ற சொல்லை நம்பிச் சென்றோர் சிலர். லயங்களிலிருந்து வலிந்து ஏற்றப்பட்டோர் பலர். சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு வடக்கே போனார்கள். மலாயாவிலிருந்து சென்ற பல்லாயிரவருள் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் காட்டிலேயே மாய்த்தன. 1943இல் சும்போனிலிருந்து கிரா நிலத்தொடுவாயின் குறுக்கே போடப்பட்ட மற்றொரு பாதைக்கும் மலாயாத் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அது தக்குவாபாவுக்கு வடக்கே, கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைக்க முயன்ற பாதை. பழைய வணிகர் தாமே தேர்ந்து நடந்ததற்கு ஒப்பான குறுக்குவழியில், இவர்கள் கட்டாயத்தின்பேரில் தண்டவாளம் சுமந்தனர்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர்க்குக் கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தோட்டத் தமிழர்க்கு அவ்வாறு பெயர் பெயராகக் கல் நாட்டப்படவில்லை. நாங்கூரான் இயற்பெயரும் கல்லில் இல்லைதான்; ஆனால் அவனுக்கு ஊர்ப்பெயராவது நின்றது, தோண்டிய குளத்தின் பெயர் நின்றது, காப்பதற்கு மூன்று குழுவினர் இருந்தனர். 1943இல் சென்றவர்க்கு அடைக்கலம் என்று சொல்ல எவரும் இருந்திலர்.

நாங்கூர் சீர்காழிக்கு அருகில், கடலுக்கும் அணித்தாக உள்ளது. 2004 திசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அந்நாகைக் கடற்கரையையும், தக்குவாபாவைச் சேர்ந்த நாம் கெம் மீனவர் ஊரையும் ஒரே நாளில் அழித்தது. காவோ லாக்கில் காவற்படகு ஒன்று ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே கொண்டுவந்து போடப்பட்டது. அது இன்றும் அங்கே நினைவுச் சின்னமாக நிற்கிறது. இளைஞர்கள் முதலில் விரும்பிய கடற்கரை அதுவே. அதையும் திட்டத்திலிருந்து நீக்கவில்லை.

மூதாட்டியார் எங்களைத் தடுக்கவில்லை. தம் தந்தையார் எந்தப் பாதைக்குப் போனார் என்பதே அவருக்குத் தெரியாது. பாலோ நிலையத்தில் இரயில் ஏறினார் என்று தாயார் சொல்லக் கேட்டது மட்டுமே. அவர் பெயரையும் அவர் தந்தை பெயரையும் பிறந்த ஊரையும் ஓர் ஆசிரியை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்து வீடுகளிலும் கேட்கத் தொடங்கினர். புறப்பட இன்னும் மூன்று வாரம் இருக்கின்றன. குறிப்பேட்டில் இப்பொழுது பதினொரு பெயர்கள்.